கேபின் கூரைக்குக் கீழே

1992, ஐப்பசி, சனிக்கிழமை இரவு. மழை.

கழுத்து வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

போன வருடம் என் பழைய இரண்டு சீட் விமானம் இறங்கும்போது சேற்றில் சிக்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. கேபின் கூரை நசுங்கி என் தலையில் இறங்கியது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "பழைய இரும்புக்குப் போடு."

போடவில்லை. கூடுவாஞ்சேரி ஷெட்டில் கூரைக்குக் குறுக்கே புதிய இரும்புக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்ய வைத்தேன். இன்று, விமானத்தின் மேல்தோலான துணியை இன்னும் போர்த்தாத வெறும் இரும்புச் சட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே வந்த அடிப்பாகத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். கூரை வளையவில்லை.

ஜான் அண்ணன் வந்து பார்த்தான். "மூட்டையைத் தாங்கும் மெர்சி. உள்ள ஆள் இருந்தா தெரியும்," என்றான்.

நான் தரையில் படுத்து உள்ளே ஊர்ந்து போனேன்.

"இன்னா மேடம் இது, வெளிய வாங்க!" என்று வெல்டர் செல்வம் கத்தினார்.

"இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க."

அவருக்கு மனம் வரவில்லை. அண்ணனே கோபத்தில் தூக்கிப் போட்டான். இரும்பு ஒருமுறை முனகியது. என் முகத்துக்கு மேலிருந்த இடைவெளி ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"போதும்டி, வா," என்று அண்ணன் கை நீட்டினான். "அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

சாப்பிடும்போது சொன்னேன். அம்மா தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

போகட்டும். விமானங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புக்கொண்டதும் துணி போர்த்துவேன். நானேதான் ஓட்டுவேன். பயமில்லை என்று இங்கே பொய் எழுத மாட்டேன். பயத்தோடுதான் ஏறுவேன்.