நல்ல கிருமிகள்

செவ்வாய்ச் சுற்றுக்கலம் ‘வைகறை’. மருத்துவப் பதிவு.
எழுதுபவர்: மருத்துவர் அஞ்சலை.
இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி.

நாள் 141 | 07:10

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. மேலே கலத்தில் நான் ஒருத்தி. கீழே தரைக்குடிலில் இருவர்: கமாண்டர் தணிகைவேல், பாறை ஆய்வாளர் மங்கையர்க்கரசி. மேலே ஏறிவரக்கூடிய ஒரே கலம் அவர்களிடம் நிற்கிறது. அதற்கான எரிபொருளை இயந்திரம் செவ்வாயின் காற்றிலிருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்ப இன்னும் ஐந்து வாரம் ஆகும். அதுவரை அவர்கள் மேலே வர முடியாது, நான் கீழே போக முடியாது.

தண்ணீர் வடிகட்டியிலிருந்து பரவிய காய்ச்சல் இருவருக்கும் அடங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் இன்றோடு முடிகிறது. மங்கை வானொலியில் சொன்னாள்: “இன்னைக்குத்தான் டாக்டர் நாக்குல ருசி தெரியுது. உப்புமா பாக்கெட் ரெண்டு காலி.”

நாளை முதல் இருவருக்கும் புரோபயாடிக் மாத்திரை. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். காலியான இடத்தில் நல்லவை மறுபடி குடியேற வேண்டும். வழக்கமான வேலைதான்.

நாள் 146 | 08:30

இருவருக்கும் வயிற்றுப்போக்கு. கமாண்டருக்குக் கடுமை. “சாப்பாடு ஒத்துக்கல, அவ்வளவுதான் டாக்டர்” என்கிறார். அவ்வளவுதான் இல்லை. அந்த ஆன்டிபயாடிக்குக்கு அசையாத ஒரு கிருமி இத்தனை நாள் ஓரமாக ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. மற்றவை செத்ததும் குடல் முழுக்கப் பரவிவிட்டது.

ஊரில் என்றால் தயிர், கீரை, மண், பிள்ளைகளின் அழுக்குக் கை என்று ஏதாவது ஒன்றின் வழியாக நல்ல கிருமிகள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கீழே உணவெல்லாம் கதிர்வீச்சில் சுத்தம் செய்தது. காற்றும் வடிகட்டியது. அந்தக் குடிலுக்குள் இவர்கள் இருவரைத் தவிர உயிருள்ளது எதுவும் இல்லை. மாத்திரை ஒன்றுதான் வழி.

நாள் 148 | 09:15

மாத்திரைமேல் சந்தேகம் வந்தது. ஒன்றைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கலக்கி வைக்கும்படி நேற்று மங்கையிடம் சொன்னேன். உயிர் இருந்தால் பால் உறையும்.

“டாக்டர், பால் அப்படியே பாலாத்தான் இருக்கு.”

காய்ச்சல் நாட்களில் குடிலின் குளிர்பெட்டி நின்றுபோய்ச் சூடேறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாத்திரைக்குள் இருந்ததெல்லாம் வெந்துவிட்டது. ஒரு வாரமாக இருவரும் செத்த கிருமியைத்தான் விழுங்கியிருக்கிறார்கள். மொத்த இருப்பும் கீழே. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

நாள் 151 | 10:00

அந்தக் கெட்ட கிருமிக்கான தனி மருந்து கொஞ்சம் இருந்தது. கொடுத்தோம். நின்றது. மருந்து தீர்ந்ததும் போக்கு திரும்பிவிட்டது.

பூமியிலிருந்து செய்தி: “கொடையாளி வழிச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் எடுக்காதவர் மருத்துவர் அஞ்சலை மட்டுமே. வேறு கொடையாளி இல்லை.”

அதாவது, என் மலம். வடிகட்டி, உறையவைத்து, மாத்திரைக் கூட்டுக்குள் அடைத்து விழுங்கக் கொடுப்பது. ஊரில் மருத்துவமனைகளில் நடப்பதுதான், புதிது ஒன்றும் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு சரக்குப்பெட்டி. பாராசூட்டில் கீழே இறக்கலாம்.

நாள் முழுக்க அந்த வேலை. என் அப்பா பாதாளச் சாக்கடையில் இறங்கி வேலை செய்தவர். இந்த நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வருவார். இதிலிருந்து தப்பிக்கத்தான் விழுந்து விழுந்து படித்தேன். இருபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்து கையுறை மாட்டிக்கொண்டு அதையே அள்ளுகிறேன். தனியாகச் சிரித்தேன். சிரிப்பு நல்லபடியாக முடியவில்லை.

நாள் 153 | 13:20

பெட்டி குடிலுக்கு அருகிலேயே இறங்கியது. மங்கை தட்டுத்தடுமாறிப் போய் எடுத்து வந்தாள். தன் பங்கை விழுங்கிவிட்டாள்.

“கண்ண மூடிட்டு ஒரே முழுங்கு. இனிமே உங்கள டாக்டர்னு கூப்பிட மாட்டேன், அக்காதான். வயித்துக்குள்ளயே வந்துட்டீங்க.”

கமாண்டர் மறுத்துவிட்டார். “என்னால முடியல டாக்டர். தப்பா நெனச்சுக்காதீங்க. நெனச்சாலே குமட்டுது.”

தப்பாக நினைக்கவில்லை. அருவருப்பு யாருக்கும் இருக்கும். வாய் வழியாக வேண்டாமென்றால் குழாய் வைத்துக் கீழ்வழியாகக் கொடுக்கலாம் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். அவர் பங்கு உறைபெட்டியில் இருக்கிறது.

நாள் 157 | 11:45

மங்கைக்குப் போக்கு நின்றுவிட்டது. சோறு இறங்குகிறது. கமாண்டர் எழுந்து உட்காரவே சிரமப்படுகிறார். நாடித்துடிப்பு கூடியிருக்கிறது, கண் குழிவிழுந்துவிட்டது. அவரே கூப்பிட்டார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“டாக்டர், ஒரு யோசனை. மங்கைக்குத்தான் சரியாயிடுச்சே. அவகிட்ட இருந்து எடுத்துக்கலாமே?”

“அதுவும் இதே பொருள்தான் சார்.”

“இல்லைங்க, அது பரவால்ல. எங்க பக்கத்துப் புள்ள. அவங்க குடும்பமெல்லாம் எனக்குத் தெரியும்.”

இணைப்பில் இரைச்சல் இருக்கிறதா, சரியாகத்தான் கேட்டேனா என்று பார்த்தேன். இரைச்சல் இல்லை.

“மங்கை வயித்துல இப்ப இருக்கறது என்னோடதுதான் சார்.”

“அவ உடம்புக்குள்ள போயி அவளோடதா மாறியிருக்கும்ல டாக்டர்?”

அருவருப்பு மலத்தின்மேல் இல்லை.

என்னைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு பத்திரிகை ‘சாக்கடைத் தொழிலாளி மகள் செவ்வாய்க்கு’ என்று தலைப்புப் போட்டது. வழியனுப்பு விழாவில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் இவர். பயிற்சிக் காலம் முழுக்க ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் டப்பாவிலிருந்து கருவாட்டுத் தொக்கை எடுத்துப் போட்டுக்கொண்டு “இன்னும் இருக்கா?” என்று கேட்ட மனிதர். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. அதற்கும் அடியில் இது கிடந்திருக்கிறது.

நாள் 157 | 15:30

மங்கை குணமாகி நான்கு நாள்கூட ஆகவில்லை. அவள் குடலில் கெட்ட கிருமியின் வித்துகள் இன்னும் இருக்கும். அவளிடமிருந்து எடுப்பது ஆபத்து. கமாண்டரிடம் சொன்னேன். “நான் பாத்துக்கறேன்” என்றார்.

மங்கை தனியாகக் கூப்பிட்டாள். அழுதிருந்தாள். “அக்கா, நான் பொய் சொல்லிடறேன். உங்க மாத்திரையவே எடுத்து என்னோடதுன்னு குடுத்துடறேன். அவருக்கு எப்படித் தெரியும்?”

நெடுநேரம் யோசித்தேன். வேண்டாம் என்றேன். நினைவோடு இருக்கும் நோயாளிக்குப் பொய் சொல்லி எதையும் உடம்புக்குள் செலுத்த ஒரு மருத்துவருக்கு உரிமை இல்லை. மங்கையிடம் சொன்ன காரணம் இது.

இன்னொரு காரணமும் இருந்தது. என்னுடையதை இன்னொருத்தி பெயரில் அந்த ஆள் விழுங்கிப் பிழைப்பதை நான் விரும்பவில்லை.

இரண்டும் உண்மை. எது கனமானது என்று எனக்குத் தெரியவில்லை.

மங்கை தன்னுடையதைத் தயாரித்துக் கொடுத்தாள். கமாண்டர் விழுங்கினார். குமட்டவில்லையாம்.

நாள் 159 | 12:10

கமாண்டருக்குக் காய்ச்சல். வயிறு உப்புகிறது. நான் பயந்தது நடந்துவிட்டது. இப்போதாவது உறைபெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மங்கை சொன்னாள்.

நாள் 160 | 09:25

கமாண்டர் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. “அஞ்சல… குடும்மா. உன்னோடதயே குடு. எதுவா இருந்தாலும் குடு.”

இத்தனை நாளில் முதன்முறையாக என் பெயரைச் சொன்னார்.

நான் முதலில் உணர்ந்தது சந்தோஷம். ஒரு கணம். அவர் கெஞ்சுவதை முழுசாகக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் மருத்துவரானேன்.

விழுங்கும் நிலையில் அவர் இல்லை. குழாய் வழியாகத்தான். மங்கைக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்: “சூடு காட்டாத, கெட்டுடும். உள்ளங்கையிலேயே வச்சு உருக்கு. உப்புத் தண்ணியில கரை. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வை. மெதுவா, மங்கை, மெதுவா.”

நாள் 160 | 11:40

வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது என்கிறாள். குடல் கிழிந்திருக்கிறது. அறுவைசிகிச்சை செய்யத் தெரிந்த கை மேலே இருக்கிறது.

நாள் 160 | 14:05

கமாண்டர் தணிகைவேல் இறந்துவிட்டார்.

மங்கை கேட்டாள்: “நான் குடுத்ததாலயா அக்கா?” இல்லை என்றேன். அது பொய். நோயாளியிடம்தானே பொய் சொல்லக் கூடாது.

நாள் 163 | 08:00

பூமியிலிருந்து: “நோய்த்தொற்றால் மரணம் என்று அறிவிக்கப்படும். கமாண்டர் சிகிச்சைக்கு முழு ஒத்துழைப்பு அளித்தார். கொடையாளியின் பெயர் வெளியிடப்படாது. இது உங்கள் நலன் கருதியே.”

என் நலன்.

பதில் அனுப்பவில்லை. மங்கை தனியாகக் குழி வெட்டுகிறாள். சிவப்பு மண் நெகிழ மாட்டேன் என்கிறதாம். ஓய்வெடுத்து ஓய்வெடுத்துச் செய் என்றேன்.

நாள் 177 | 06:50

தொட்டி நிரம்பியது. மங்கை தனியாகக் கிளம்பிவிட்டாள். கணினி ஓட்டுகிறது. உயரம் சரி. வேகம் சரி.

பேசிக்கொண்டே வருகிறாள். நேற்று கமாண்டரின் வீட்டிலிருந்து அவளுக்குச் செய்தி வந்ததாம். அனுப்பியவர் அவருடைய அண்ணன். ஊடகங்களில் ஏதேதோ பேசுகிறார்கள், கடைசியாக உள்ளே செலுத்தியது யாருடையது என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?”

உயர எண்ணை ஒருமுறை வாசித்துக் காட்டினாள்.

“என்னோடதுன்னு சொன்னேன் அக்கா. செத்துப்போனவரு வீடு. என்ன சொல்றதுன்னு தெரியல.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“வேணாம் அக்கா.”

“சொல்லு.”

“‘நல்லவேளை’ன்னாரு.”

நாள் 177 | 07:32

இரு கலங்களும் இணைந்துவிட்டன. அழுத்தம் சமம். அந்தப் பக்கத்திலிருந்து மங்கை தட்டுகிறாள். அவள் உயிரோடு இருப்பது என் உடம்பிலிருந்து போனவற்றால். அவளும் பெயரை மறைத்துவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை.

பூமி திரும்ப ஒன்பது மாதம். அவளோடு ஒரே மேசை.

தட்டுகிறாள். கதவைத் திறக்க வேண்டும். கை கைப்பிடியில்தான் இருக்கிறது. திறக்க வேண்டும்