குண்டசாலையில் ஒரு மதியச் சாப்பாடு

கண்டி,
1937 ஆகஸ்டு, திங்கட்கிழமை.

அன்புத் தம்பி செல்லச்சாமிக்கு,

ஈப்போவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அக்காள் பாலாம்பிகை எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உன் மகள் ராஜேஸ்வரியும் இங்கே சுகம். பெரஹெரா ஊர்வலத் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. ராஜிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அம்மா வடிவம்மாவும் அப்படித்தானே சிரிப்பாள்.

அத்தானுக்கு முனிசிபல் கந்தோரில் தலைமைக் கிளாக்கர் வேலை கிடைத்திருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடவில்லை. குண்டசாலையில் ஆற்றங்கரையோரம் புதிதாக ஒரு ஹோட்டல் வந்திருக்கிறதாம், அங்கே போய்ச் சாப்பிடாதவனைக் கண்டியில் யாரும் மதிப்பதில்லையாம். "ஒரு நாளைக்குத்தானே, நாமளும் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று நேற்று வாடகைக்குக் கார் பிடித்து எங்களைக் கூட்டிப் போனார். ராஜிக்கு ரிப்பன் கட்டி, நானும் கலியாணச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு போனேன்.

வாசலில் மோட்டார் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. சொந்தமாக இஞ்சின் வைத்து, பட்டப்பகலிலும் விளக்கெரிக்கிறார்கள். முதலாளி கொழும்புக்காரராம். நீளமான ஒரே மண்டபம், சுவரெல்லாம் வெளிர்பச்சைச் சாயம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள்.

சாப்பாட்டைப் பற்றி என்ன எழுத? முதலில் சூப் என்று ஒன்று வந்தது. அரிசி கழுவின தண்ணீரில் மிளகைக் காட்டி எடுத்தது போல இருந்தது. மீன் வெள்ளைக் குழம்பில் கிடந்தது. உப்பும் இல்லை, புளியும் இல்லை. ஆட்டிறைச்சியை முள்ளுக்கரண்டியால் குத்தினால் முள் வளைகிறது. சோறு கேட்டதற்கு, கிண்ணத்தில் அள்ளிக் கவிழ்த்த மாதிரி ஒரு கைப்பிடி கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு அவர்கள் போட்டிருந்த விலையைப் பார்த்து அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டித் தலையாட்டிச் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தம்பி.

சாப்பாட்டுப் பீங்கான்களைக் கொண்டுவந்து வைத்தவர் ஒரு முஸ்லிம் மனிதர். ஐம்பது வயதிருக்கும், தாடி நரைத்தவர். மண்டபத்தின் நடுவே ஆளும் மேசையும் இல்லாமல் நேராக வழி கிடந்தது. அவரோ ஒவ்வொரு தடவையும் வளைந்து வளைந்து, எதிலோ இடித்துவிடக் கூடாது என்பது போல ஒதுங்கி ஒதுங்கி வந்தார். பெரிய ஹோட்டல்களில் இப்படித்தான் நடப்பார்களாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு வெயில் தணிந்தது என்று யாரோ ஜன்னல் திரையை ஒதுக்கினார்கள். வெளியே ஆறு தெரிந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பலாமரம், இடி விழுந்து பாதி கருகி, மறுபாதி தழைத்து நின்றது. அந்த மரத்தை நான் மறப்பேனா? மலேரியாக் காய்ச்சல் வருசத்தில் வடிவை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்த மரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இது சாயமில்லாத பழைய பங்களா, காய்ச்சல் ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் இடமில்லாமல் ஆட்கள் கிடந்தார்கள். அத்தான் அன்று வரவில்லை, அதனால் அவருக்கு இடம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ராஜி உட்கார்ந்திருந்த கதிரை அந்த ஜன்னலோரம்தான். அவள் அம்மா தலைவைத்துக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, முள்ளுக்கரண்டியால் மீனைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின் விறாந்தைக்குப் போனேன். அந்த மனிதர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாக்கு இடம் வெளங்கிட்டு போல" என்றார். அவர் பெயர் ஹலீம், திகன ஊர்க்காரர். ஆஸ்பத்திரியாக இருந்தபோது இங்கே தண்ணீரும் கொயினா மருந்தும் கொடுத்துக்கொண்டு, வாசலிலும் நின்றவராம். "கட்டிலெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு. கால் இன்னும் அதச் சுத்தித்தான் போகுது. நேரா நடந்தா ஆரையோ மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

ஜன்னலோரத்துக் கட்டில் என்று சொன்னேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். தம்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் புள்ளட மாப்புள்ள பதுளையில இருந்து வந்து வாசல்ல நிண்டாரு. நான்தான் உள்ளுக்கு உடல்ல. டாக்டர்ட உத்தரவு எண்டு செல்லி அனுப்பினேன். அப்படி உத்தரவு ஒண்டும் இல்லம்மா. அவர் சத்தத்தக் கேட்டு அந்தப் புள்ளதான் என்னைக் கூப்பிட்டுச் செல்லிச்சு, அவர உட வாணாம், இந்தக் காய்ச்சல் அவருக்கும் ஒட்டிரும், எங்க புள்ளைக்கு ஒருத்தராவது வேணும் எண்டு. அவர் போகும் வரைக்கும் தலைய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டே கெடந்திச்சு. அங்கிருந்து வாசல் தெரியாது. ஆனா மனுசன் போற பாதை தெரியும்."

அவ்வளவுதான். அதற்குள் யாரோ மணி அடித்துக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நான் ராஜியைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பிய பிறகு நீ வந்து, அன்று முழுக்க வாசலில் நின்றதும், அவள் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செத்திருப்பாள் என்று நீ சுவரில் தலையை மோதிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அந்த நினைப்புதான் உன்னை மலாயாவுக்குக் கப்பலேற்றியது என்பதும் தெரியும். அவள் உன்னைக் கூப்பிடவில்லை, தம்பி. போகச் சொன்னாள். ஏன் போகச் சொன்னாள் என்பதையும் மேலே எழுதிவிட்டேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இதை என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டு இரவில் கண்ணை மூட முடியவில்லை.

திரும்பி வந்து ராஜியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனக்கிறாள் இப்போது. அத்தான் என்ன என்று கேட்டார், தலைவலி என்றேன். கடைசியில் புட்டிங் வந்தது. கருகின சீனி வாடை. நான் தொடவில்லை. குழந்தை என் பங்கையும் சேர்த்துத் தின்றாள். காரில் வரும்போது, "அத்தை, அப்பா வந்தா இங்கேயே வருவோமா? அந்த ஜன்னல்கிட்டயே இருப்போமா?" என்று கேட்டாள். அத்தான் "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று சாப்பாட்டை ஏசிக்கொண்டிருந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் அம்மா எங்கே போனாள் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அங்கே வேலையை விட்டு வர முடியாது என்று எழுதாதே. ஒரு மாதமாவது வந்து இரு. எந்தக் கப்பல் என்று எழுதினால் கண்டி ஸ்டேஷனுக்கு ராஜியைக் கூட்டி வருகிறேன். உன் முகம் அவளுக்கு மறந்துவிட்டது, தம்பி. நீதான் அவளை அடையாளம் கண்டு கூப்பிட வேண்டும்.

நீ நல்லபடியாக வீடு வந்து சேர அம்மன் துணையிருப்பாள்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்காள் பாலாம்பிகை சேதுராமன்