ஏரி வீடு யாருக்கும் வேண்டாமாம்

மில்டால், மினசோட்டா
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம். இந்த இரண்டாவது செய்தியை நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான் போனை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

டார்லா அத்தை உன்னிடம் என்ன சொன்னாள் என்பதை அவளே வந்து ஒப்பித்துவிட்டாள். "உங்கப்பன் விவாகரத்து வழக்கை எதிர்த்து நிக்கிறான் பிரிட்டா, கோர்ட்டுலயே பதிவாயிடுச்சு"ன்னு சொன்னாளாமே. தம்பியைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது. அன்றிலிருந்து நீ அப்பாவின் போனை எடுப்பதில்லை. அவர் அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. "அலாஸ்காவுல சிக்னல் கிடைக்கல போலிருக்கு" என்று மட்டும்தான் சொன்னார்.

நடந்தது இதுதான். பாதி என் பிசகு, பாதி அவர் பிசகு, மீதி நம் ஊர்ப் பிசகு.

பிரிந்துவிடலாம் என்று போன குளிர்காலத்திலேயே சண்டையில்லாமல் பேசி முடித்துவிட்டோம். அவருக்கு ஏரியும் தூண்டிலும் போதும். எனக்கு மனிதர்கள் வேண்டும், தேவாலயப் பாட்டுக் குழு வேண்டும், சாப்பாட்டு மேஜையில் யாராவது வாயைத் திறக்க வேண்டும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. நீயும் அந்த மேஜையில் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே.

வக்கீல் ரூத் ஹோவ்டா என்னிடம் முதலிலேயே சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், வேலை சுலபம் என்று. நான்தான் கேட்கவில்லை. மீன் பிடிக்கும் காலத்தில் மனிதரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நானே தனியாக மனு கொடுத்தேன். ஊர் வீடு எனக்கு, ஏரி வீடு அவருக்கு, மற்றதெல்லாம் அவரவருடையது அவரவருக்கு. இதில் அவருக்கு என்ன மறுப்பு இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மனு அவர் கைக்குப் போயிற்று. ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்கும்போது பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையாம். உட்கார்ந்து அழகாகப் பதில் எழுதி, அதை நீதிமன்றத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எல்லாம் சம்மதம், ஏரி வீட்டை மட்டும் என் மனைவி மார்லிஸே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம் என்று!

உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். தேவாலயத்து நிலவறையில் காபி நேரத்தில் தட்டில் கடைசியாக ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு கிடக்கும், ஞாபகமிருக்கிறதா? "எடுத்துக்கோங்க" என்றால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, பரவாயில்லை என்போம். மூன்றாவது தடவைதான் "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று கை நீளும். முதல் தடவையே கை நீட்டியவனை ஊர் என்ன சொல்லும்? மனுவில் நான் ஒரே ஒரு தடவைதானே கேட்டிருந்தேன். அவர் தன்னுடைய முதல் "வேண்டாம்" சொல்லிவிட்டார்.

நீதிமன்றத்துக் காகிதத்துக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியுமா? ரூத் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "மார்லிஸ், எதிர்ப்பில்லாத விவாகரத்துன்னா ரெண்டு பேரும் எல்லாத்துலயும் ஒத்துப்போயிருக்கணும். வீடு, காரு, கடன், நாய்க்குட்டி வரைக்கும். ஒண்ணே ஒண்ணு ஒத்துப்போகலைன்னாலும் அது எதிர்ப்புள்ள வழக்குதான். எனக்குக் குடுன்னு அடிச்சுக்கிட்டாலும் சரி, நீயே வெச்சுக்கோன்னு அடிச்சுக்கிட்டாலும் சரி, சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஆகவே பிரிட்டா, டார்லா அத்தை சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த வார்த்தைக்குள் கோபம் இல்லை. முடிவாகாத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்படியே விட்டிருந்தால் விபரீதமாகத்தான் போயிருக்கும். ஆளுக்கொரு வக்கீல், வீட்டுக்கு மதிப்புப் போட ஒருவர், சாட்சிகள், அடுத்த கோடையில் விசாரணை. கோபமில்லாமல் உள்ளே போனவர்கள்கூட வெளியே வரும்போது பகையாளிகளாக வருவார்கள் என்றாள் ரூத். கல்யாணம் முடிந்ததற்கு நான் அழவில்லை. உன் அப்பாவுக்கு எதிராகக் கூண்டில் ஏற வேண்டி வருமோ என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். "வெர்லின், ஏரி வீட்டை நீயே எடுத்துக்கோ." அதற்கு அவர், "பரவாயில்ல மார்லிஸ், எனக்குப் படகுக் கொட்டகை ஒண்ணு போதும்" என்றார். ஜனவரியில் படகுக் கொட்டகையில்! விறைத்துப்போவார் மனிதர். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நீதிபதி எங்களைக் கூப்பிட்டிருந்தார். விசாரணை இல்லை, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது. நீதிபதி ஸ்கோக் அம்மாள் பக்கத்து ஊர்க்காரி, அதுதான் நாங்கள் செய்த புண்ணியம். காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு வேணும்னு சண்டை போடுறவங்களைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். மிஸஸ் ட்வைட், இவர்கிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

"ரெண்டு தடவை."

"அப்போ இன்னொரு தடவை கேட்டுடுங்களேன்."

நான் திரும்பி, "வெர்லின், அந்த வீட்டை நீ எடுத்துக்கோயேன்" என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "நீ இவ்வளவு சொல்றே. சரி, அப்போ எடுத்துக்கிறேன்" என்றார். ரூத் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கேயே உடன்பாடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது அது எதிர்ப்பில்லாத வழக்கு. விசாரணை கிடையாது, நீதிபதி கையெழுத்திட்டு அனுப்பினால் முடிந்தது.

அப்புறம் எதிர்க் கடையில் காபி குடித்தோம். நம்புவாயோ மாட்டாயோ, ஒரு மணி நேரம் பேசினார்! கூரை ஒழுகுவதைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. இந்தப் பேச்சில் கால்வாசி அப்போதே பேசியிருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தோன்றவில்லை. நான் நிம்மதியாக இருக்கிறேன் மகளே, உள்ளபடியே சொல்கிறேன்.

எழுந்திருக்கும்போதுதான் கேட்டார். கோட்டுப் பித்தானைப் பார்த்துக்கொண்டே, "பிரிட்டாவுக்கு என் மேல கோவமா?" என்றார்.

சேச்சே, அதெல்லாம் இல்லை, உனக்கு அங்கே வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் எப்படி மாறியது என்பதை எழுத எனக்கு வரவில்லை.

குளிர் ஏறுகிறது, கழுத்தை மூடிக்கொண்டு நட. நீ எங்கிருந்தாலும் உன் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவைக் கூப்பிடு கண்ணே. இந்த வயதில் உன் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அம்மா,
மார்லிஸ்