பச்சை ஒன்றா இரண்டா

திருப்பூர்
14.7.1966

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அப்பா எழுதுவது. சென்னிமலையான் கண் பார்வையில் இங்கே எல்லோரும் சுகம், பம்பாய் மழையில் நனையாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

எனக்குத்தான் மண்டை குழம்பிக் கிடக்கிறது. நம் பட்டறையில் சாயம் போட்டுக் கொடுத்த பச்சை நூல் தாராபுரத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதில் ஒரு சேலை நெய்து நனைத்ததும் மஞ்சள் ஓடிப்போய் நீலம் மட்டும் நிற்கிறதாம். டின்னில் பச்சை என்றுதானே எழுதியிருக்கிறது, மஞ்சள் எங்கிருந்து வந்தது? நல்ல சாயத்தை எடுத்துவிட்டு மட்டச் சாயத்தைக் கலந்தாயா என்று நம் சாயக்காரர் கன்னையனை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். இல்லீங்க சாமி, டின்னுல இருந்ததத்தான் போட்டனுங்க என்றார். பட்டறைச் சாவியை முருகன் படத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் உன் பரிசோதனைச் சாலையில் கலந்த நிறங்களைப் பிரிப்பது பற்றி நீ போன கடிதத்தில் எழுதியது ஞாபகம் வந்தது. கண்ணாடிக் குழாயின் அடியில் பஞ்சு அடைத்து, வெள்ளைப் பொடியைக் கெட்டித்து, மேலே கலவையை விட்டு, கரைக்கும் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் பொடியோடு ஒட்டுகிற நிறம் மேலேயே தங்கும், ஒட்டாதது முதலில் இறங்கும், வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கும் என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். ஒரே பொடி, ஒரே திரவம், அது ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தனை விடுவானேன் என்பது மட்டும் எனக்கு ஏறவில்லை. இருந்தாலும் செய்து பார்த்தேன். விளக்குச் சிம்னியில் பஞ்சை அடைத்தேன். பட்டறையில் வெள்ளைப் பொடி என்றால் பிளீச்சிங் பவுடர்தானே, அதைக் கெட்டித்துப் பச்சையை ஊற்றினேன். மஞ்சளும் வரவில்லை, நீலமும் வரவில்லை, இருந்த பச்சையும் காணாமல் போய் அடியில் வெறும் தண்ணீர் சொட்டியது. ஏனுங்க, நூல வெளுக்கற பொடியில ஊத்துனா சாயம் நிக்குமாங்க என்று உன் அம்மா சிரித்த சிரிப்பு அருள்புரம் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். கன்னையன் கைபட்ட டின்னிலிருந்து ஒரு பொட்டலம், இன்னும் சீல் உடைக்காத டின்னிலிருந்து ஒரு பொட்டலம், இரண்டையும் உனக்கு அனுப்பச் சொன்னாள். உன் குழாயில் இரண்டும் ஒரே மாதிரி பிரிந்தால் கலப்படம் டின் வந்த இடத்திலேயே நடந்தது, கன்னையன் மேல் தப்பில்லை. அப்படித்தான் வர வேண்டும் என்று முருகனை வேண்டுகிறேன். அப்படி வந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் பயமாக இருக்கிறது. எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை கண்ணு.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினால் எதிரே அந்தச் சாவி தொங்குகிறது. நீ பொடியில் ஊற்றி, அது பிரிந்து, பதில் வந்து சேரும்வரை அந்த மனிதர் திருடன் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா? சாவியை எடுத்துக்கொண்டு இப்போதே அவர் வீட்டுக்குப் போகிறேன். பொட்டலங்களையும் அனுப்புகிறேன், இனி அவை எதற்கு என்றுதான் புரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, திராவகம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு. சென்னிமலையான் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா
சென்னியப்பன்