மூடிக்கு அடியில் ஒரு துணி

ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று எல்லோரும் பழக்கத்துக்குக் கேட்பார்கள். நான் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா? புது வேலையிலும் நாள் முழுக்க நிற்க வேண்டுமா?

உங்கள் முகவரியை அப்பாதான் கொடுத்தார். கொடுத்தார் என்றால், ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, "அவ சாமான் எதுவும் இங்க இருக்க வேணாம், எல்லாத்தையும் எடுத்துக் கட்டு, கூரியர்ல போட்டுடலாம்" என்றார். கட்டினேன். குடை, சிவப்பு ஸ்வெட்டர், தலைவலித் தைலம், ஒரு கால் செருப்பு. இன்னொரு கால் எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்ததில் தும்மல்தான் மிச்சம். பெட்டி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

கரண்டில் மெல்ல வேகவைக்கும் உங்கள் ஸ்லோ குக்கரை மட்டும் நான் கட்டவில்லை. பீங்கான் பானை வழியில் உடைந்துவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி என்னவென்றால், நீங்கள் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் சாக்லேட் கடலை மிட்டாய் செய்தீர்கள். "இதுக்கு நான் தேவையே இல்ல, தானா ஆயிடும்" என்று சொல்லிவிட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்தீர்கள். இரண்டு வருடத்தில் பகல் நேரத்தில் நீங்கள் படுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எங்கள் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஒரு விற்பனை நடக்கப்போகிறது. எல்லோரும் வீட்டிலிருந்து ஏதாவது செய்துகொண்டு வர வேண்டும். நான் அந்த மிட்டாயைச் செய்வதாகக் கை தூக்கிவிட்டேன். எப்படிச் செய்வது என்று எழுதுவீர்களா? போனில் கேட்கலாம் என்றால் அப்பா உங்கள் எண்ணை அழித்துவிட்டார். எனக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகுதான் போனாம்.

திரும்பி வருவீர்களா என்று இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கடைசி வரியில் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் கிண்டல் செய்யும் வாத்தியாரம்மா

*

ஜனவரி 26

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். பெரிய உருளை இயந்திரம். ஒரு பக்கம் படுக்கை விரிப்பு ஈரமாக உள்ளே போகும், மறுபக்கம் சூடாக வெளியே வரும். நான் மறுபக்கம். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்க வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி சரியான வாயாடி. அவளுக்குத் தும்மல் வருகிற நேரம்தான் எனக்கு ஓய்வு. கால் அப்படியேதான் இருக்கிறது.

மிட்டாய் சுலபம். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பானையின் அடியில் பரப்பு. கடலை அடியில் இருந்தால் சாக்லேட் அடிபிடிக்காது. அதன் மேல் கறுப்புச் சாக்லேட், பால் சாக்லேட், வெள்ளைச் சாக்லேட் எல்லாவற்றையும் உடைத்துப் போடு. எது முதலில் என்று கேட்காதே, எப்படியும் ஒன்றாகத்தான் உருகப்போகிறது. குறைந்த சூட்டில் வை. இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். பானையின் வாய்மேல் நன்றாகக் காய்ந்த துணி ஒன்றை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் மூடியை வை. துணியின் முனைகளைத் தொங்க விடாமல் மேலே தூக்கி முடிந்துவிடு. மூடி வேர்க்கும். அந்தத் தண்ணீரைத் துணி குடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மணல் மாதிரி ஆகிவிடும், பிறகு மிட்டாயாக வராது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து, ஒரு கிண்டு கிண்டி, ஸ்பூனால் எடுத்துப் பட்டர் பேப்பரில் வைத்து ஆறவிடு.

நடுவில் திறக்கக் கூடாது. உன்னைச் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

நான் எழுதியதை அவரிடம் மறைக்காதே. ஒளித்து வைத்துப் படிக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. உன் கடைசி வரிக்கு எனக்கு இன்றைக்குப் பதில் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

சித்தி

*

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

ஒரு கெட்ட செய்தி, ஒரு நல்ல செய்தி. நல்லது பெரியது, அதனால் கெட்டதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். துணி கட்டினேன், முனைகளை முடிந்தேன், "திறக்காதீர்கள்" என்று எழுதி மூடியில் ஒட்டினேன். பிறகு பட்டர் பேப்பர் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே வரிசை நீளமாக இருந்தது, கையில் ஒரு நாவல் வேறு இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து வந்திருக்கிறார்.

லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் கண்ணில் மின்சார சாமான்மேல் துணி பட்டால் என்ன ஆகும்? நான் திரும்பி வந்தபோது துணி மடித்துக் கொடியில் போட்டிருந்தது. மூடி பானைமேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"ஏண்டி, கரண்ட் சாமானுக்குத் தலைப்பா கட்டி வச்சிருக்க? வீடு பத்திக்கிட்டா?"

"அப்பா! சித்தி அப்படித்தான் எழுதியிருந்தாங்க!"

"அவளுக்கு என்ன தெரியும் கரண்டப் பத்தி?"

மூடியைத் திறந்தேன். உள்பக்கமெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. உள்ளே சேறு. ஸ்பூனில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன், சித்தி. பதினான்கு வயதில் மிட்டாய்க்கு அழுதேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இனி நல்ல செய்தி. நான் குப்பைக்கூடையை எடுத்து வந்தபோது அப்பா பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டையில் கிரீஸ் கறை, கை கழுவினாரா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். இன்னொன்று. "எதுக்குக் கொட்டற? நல்லாத்தான இருக்கு" என்றார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். மறுபடியும் சொன்னார்: "நிஜமா, ரொம்ப நல்லா இருக்கு பாப்பா." பாதிப் பானை காலி!

இந்த இரண்டு வருடத்தில் எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் அப்பா இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா மாறிவிட்டார், சித்தி. இனிமேல் நீங்கள் வரலாம்.

ஆவலுடன்,
வாத்தியாரம்மா

பின்குறிப்பு: அடுத்த நாள் மறுபடி செய்தேன், நன்றாக வந்தது. விற்பனையில் எல்லாம் தீர்ந்துவிட்டது.

*

மார்ச் 2

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

விற்பனை நன்றாக நடந்ததில் சந்தோஷம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். வாயாடி, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டாள். இல்லை, நல்ல சேதிதான் என்று சொன்னேன்.

அங்கே இருந்தபோது வேலையிலிருந்து நேராக வந்து அடுப்பு முன்னால் நிற்பேன். தட்டை வைத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். இன்னொரு முறை கேட்டால், "சாப்பிட்டுட்டுத்தான இருக்கேன்" என்பார். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டேன். பிறகு பேசுவதையும் விட்டுவிட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய், உன் கண் புத்தகத்தில் இருந்தது. அது உன் தப்பில்லை.

அடித்தார், திட்டினார் என்று நாலு பேரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அலுத்துப்போய்க் கிளம்பினேன், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வராது, சில ஆம்பிளைகள் அப்படித்தான் என்று நினைத்துத்தான் என் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். வரும் என்று இப்போது தெரிகிறது. திரிந்துபோன சாக்லேட்டுக்கு இரண்டு தரம் வந்திருக்கிறது.

அவர் உனக்குச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை, கண்ணு. அழுகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதுதான்.

நீ எழுது. பள்ளியைப் பற்றி எழுது, படிக்கிற புத்தகத்தைப் பற்றி எழுது. அவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.

சித்தி

*

மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் என்னால் எதுவும் படிக்க முடியவில்லை. நல்ல செய்தி என்று நினைத்து உங்களுக்கு எதைத் தூக்கி அனுப்பினேன் என்று இப்போதுதான் புரிகிறது. சாப்பாட்டு மேஜைக்கு இனி புத்தகம் கொண்டு போவதில்லை.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேள்வி வந்தது. மறைக்காதே என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "அந்தத் துணி எங்க வச்ச?" என்று மட்டும் ஒரு குரல் கேட்டது.

அவரைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை. குக்கரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்று குக்கரில் கடலையும் சாக்லேட்டும் போட்டது நான் இல்லை. துணியை இழுத்துக் கட்டியதும் நான் இல்லை. முனைகளில் போட்டது லிப்டுக்குள் வயர் கட்டுகிற முடிச்சு, பிரிக்க எனக்கே வராது. குக்கருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் வண்டியிலிருந்து தூக்கி வந்த தீயணைப்பு சிலிண்டர். நாற்காலியில் இருந்தவர் ஒன்றரை மணி நேரமும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பிடிக்கும் என்ற பயம் கடைசி வரை போகவில்லை. ஆனாலும் துணியை எடுக்கவில்லை. கை மூடிப் பக்கம் போகும், திரும்பி முழங்காலுக்கு வந்துவிடும். நடுவில் போன் அடித்தது, ஏதோ கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதாம். "வேற யாரையாவது அனுப்புங்க, நான் ஒரு வேலையா இருக்கேன்" என்று பதில் போனது.

அந்த மிட்டாயைத்தான் இந்த டப்பாவில் அனுப்பியிருக்கிறோம். கூடவே காணாமல் போன உங்கள் செருப்பும் இருக்கும். அது கருவிப் பெட்டிக்குப் பின்னால் இருந்ததாம். நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறது, நான் துடைக்கவில்லை.

டப்பாவை ஒட்டும்போது ஒரு கேள்வி வந்தது: "நல்லா இருக்குன்னு சொல்லுவாளா?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அன்புடன்,
வாத்தியாரம்மா

*

மார்ச் 29

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

டப்பா வந்தது. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே அளவு. அளந்து வைத்திருப்பார். வாயாடி நாலு தின்றுவிட்டு, கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. மேற்பார்வையாளர்கூட வந்து என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்.

நான் ஒன்று சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து இன்னொன்று சாப்பிட்டேன்.

நல்லா இருந்தது. அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு என்று வைக்காதே. அந்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பி வரவில்லை, கண்ணு. போன வருடம் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். இப்போது இங்கே ஒரு அறை, ஒரு ஜன்னல், வந்ததும் காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில். படுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை விட்டு எழுந்து வர என் உடம்பில் தெம்பு இல்லை. இதையும் அவரிடம் சொல். ஆனால் முதலில் நல்லா இருந்தது என்று சொல். அவர் சந்தோஷப்பட்டு முடிக்கட்டும். அப்புறம் இதைச் சொல்.

பரீட்சை முடிந்ததும் நீ வா. கட்டில் சின்னது, ஆனால் நீயும் ஒல்லிதான். எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வா. குக்கரைக் கொண்டு வராதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் பக்கத்தில் உட்கார ஏதாவது வேண்டும்.

இன்னமும் உன்
சித்தி