ஒரே ஆளுக்கு மூன்று எண்

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்கள் கம்பெனி, இங்கே பல வருடம் வேலை பார்த்த ஓர் அக்காவை வேலையை விட்டுத் துரத்திவிட்டு, அவர் மூளையை மட்டும் வைத்துக்கொண்டது. உன் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

மருத்துவமனைகளின் பழைய தரவுகளைக் கிளவுடுக்கு மாற்றுகிறோம். வெறும் எண்கள்தானே என்று ஓர் அட்டவணையை நான் மாற்றாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மருத்துவமனையும் தனி எண் கொடுத்திருந்ததால், சோதனையில் ஒரே நோயாளி மூன்று பேராக வந்தார். திரும்பப் போய்த் திறந்தால், எந்தெந்த எண்கள் ஒரே ஆளுடையவை என்று பதினெட்டு வருடமாக அந்த அக்கா ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். நாற்பதாயிரம் மனிதர்கள், அம்மா! மேலே ஒரு குறிப்பு: “இதை விட்டுட்டுப் போனீங்கன்னா, அப்புறம் அழுவீங்க.” மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

தலையணை உறை ஒன்று அனுப்பு, நீ துவைத்ததாக. மேலாளரிடம் பேசினேன், பயப்படாதே, சண்டையில்லை. “அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க சார். இல்லன்னா இதுல அவங்க பேரையாவது போடுங்க.”

அவர் முடிவு செய்யும்வரை, அந்த அட்டவணையை அக்காவின் குறிப்போடு அப்படியே மாற்றிவைக்கிறேன்.

உன் மகன்