டீம் போனதுக்கு என் நாக்கா காரணம்?

ஆடி 9, செவ்வாய்

சென்னை ஹாக்கி டீமை வடக்க வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு இன்னிக்கு நியூஸ் வந்துச்சு. அதுக்கு நான்தான் காரணமாம். "காலி சேருங்க முன்னாடி எத்தினி நாள் ஆடுவாங்க, அடுத்த சீசனுக்குள்ள கெளம்பிடுவாங்க"ன்னு தை மாசமே சொன்னேன். அதை ஞாபகம் வெச்சிகினு, டீக்கடையில எல்லார் எதிர்லயும் அக்கா புருஷன் கத்தறாரு: "உன் கருநாக்காலதான்டா போச்சு! மலைக்கோயிலுக்குப் போயி கற்பூரம் ஏத்து!"

"ஒரு மேட்சுக்காவது டிக்கெட் எடுத்தீங்களா பாவா?"

"டிவியில பாத்துகினுதானே இருந்தேன்!"

ரயில் புடிச்சுப் போயி, கேலரியில ஒண்டியா உக்காந்து கத்துனவன் நான்.

கெளம்பும்போது காதோரமா வந்து கேக்குறாரு, அடுத்த புது டீம் எந்த ஊருக்கு வரும், உன் நாக்கால சொல்லுடான்னு. எனக்குத் தெரியும். மலை மேல இருக்கிற சாமியே எறங்கி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.